மூன்று காசு கிடைத்த குழியை இனித் தோண்டாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, உழுது போட்டிருந்த வயலில் மெட்டல் டிடெக்டருடன் இறங்கியதையும், நாலைந்து காலடி தூரத்துக்குள் மூன்று செப்புக் காசுகள் அகப்பட்டதையும், மூன்றாவது காசை எடுத்த பிறகு குழிக்கு மேல் கருவியைக் காட்டியபோது முன்னைவிடப் பலமாகவும் அகலமாகவும் சத்தம் கேட்டதையும் நீ எழுதியிருந்த விதத்தில் எனக்கே கை பரபரத்தது. ஆனால், விடுமுறை வந்ததும் கடப்பாரையோடு போய் அடிவரை பார்த்துவிடப் போவதாக நீ முடித்திருந்ததுதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. அந்தக் குழியை இனி நீ தோண்டக் கூடாது. உனக்கு மட்டும் எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுவதற்குக் காரணம், இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எவருக்கும் என்றைக்காவது இதே சத்தம் கேட்கலாம் என்பதும், கேட்கிற அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது என்பதும்தான்.

முதலில் அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு, அதாவது கம்பிச்சுற்று கொண்ட காயில், நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டதும் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் சிறு காந்தப்புலத்தைக் காயிலுக்குள் இருக்கும் இன்னொரு கம்பிச்சுற்று வாங்கிக்கொள்கிறது. அனுப்பிய அலைக்கும் வாங்கிய அலைக்கும் இடையில் விழும் தாமதத்தை வைத்துத்தான், என்ன உலோகம் என்று ஊகிக்க உதவும் எண் திரையில் வருகிறது. அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. குளிர்பான டப்பாவைத் திறக்கும் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டக்கூடியவை. துருப்பிடித்து வளைந்த பெரிய இரும்பாணி, வெள்ளிக் காசைப் போலவே உயர்ந்த சுருதியில் ஒலித்து ஏமாற்றும்.

தட்டையாகக் கிடக்கும் தனிக்காசு, எந்தப் பக்கமிருந்து காயிலை வீசினாலும் ஒரே இடத்தில் சுருக்கமாகவும் தெளிவாகவும் ஒலிக்கும். காயிலை ஒரு சாண் உயர்த்தினால் பெரும்பாலும் மங்கி மறைந்துவிடும். உயர்த்திய பிறகும் மறையவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படியானால் கீழே இருப்பது பெரிய பொருள் ஒன்று, அல்லது நெருங்கிக் கிடக்கும் பல சிறு பொருள்கள். அது பழைய தகரமாக இருக்கலாம், உடைந்த கலப்பைக் கொழுவாக இருக்கலாம், காசுகளைப் போட்டுப் புதைத்த பானையாகவும் இருக்கலாம். போர் நடந்த மண்ணாக இருந்தால் வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். கடப்பாரை வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். இவற்றில் எது என்று கருவியால் சொல்ல முடியாது. தோண்டித்தான் அறிய வேண்டும் என்பது சரி. ஆனால் யார் தோண்டுவது, எப்படித் தோண்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உன் மூன்று காசுகளும் உழவு புரட்டும் மேல்மண்ணில், ஒரு சாண் ஆழத்துக்குள் கிடைத்திருக்கின்றன. ஆண்டாண்டாகக் கலப்பை புரட்டிப் போட்ட மண் அது. அதில் கிடப்பவை தாம் முதலில் விழுந்த இடத்திலிருந்து நகர்ந்து வந்தவை. கலப்பை எட்டாத ஆழத்தில் நிலைமை வேறு. அங்கே ஒரு பானை இருந்தால், வைத்தவர் கடைசியாக எப்படி வைத்தாரோ அப்படியே அது இருக்கும்: வெட்டிய குழியின் விளிம்பு, அதை மூடிய மண்ணின் நிறம், வாயை அடைத்த கல், உள்ளே காசுகள் விழுந்து படிந்த வரிசை எல்லாம் அதனதன் இடத்தில். மேலே சிதறிய சில காசுகளும் அவற்றுக்குக் கீழே பெரிய சத்தமும் சேர்ந்து வருவது, கலப்பை முனை பானையின் வாய்ப்பகுதியை உடைத்து மேலே இருந்த காசுகளை இழுத்துவிட்டதால் உண்டாகும் நிலையாக இருக்கலாம். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், ஃபுரோம் என்ற ஊருக்கு அருகே ஒரு வயலில் டேவ் கிரிஸ்ப் என்பவர் தேடிக்கொண்டிருந்தார். வழக்கமில்லாத ஒரு சத்தம் கேட்டுத் தோண்டினார். சிறு காசுகளும் அவற்றோடு பானை ஓடும் தென்பட்டன. இது சிதறிய காசு அல்ல, முழுப் புதையல் என்று புரிந்த அந்தக் கணத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். குழியை மூடிவிட்டு, கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் அலுவலருக்குத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து, பானையிலிருந்து காசுகளை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனிப் பையில் இட்டு எடுத்தார்கள். மொத்தம் 52,503 ரோமானியக் காசுகள்; எடை ஏறத்தாழ 160 கிலோ.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த அடுக்குகளிலிருந்து கிடைத்த செய்திதான். கி.பி. 286 முதல் 293 வரை பிரிட்டனைத் தனியாக ஆண்ட கராசியஸ் வெளியிட்டவைதாம் அந்தப் பானையில் இருந்த மிகப் பிந்திய காசுகள். ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாக இருந்தால் அவை மேலே இருந்திருக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை பானையின் பாதிக்கும் கீழே கிடந்தன. ஆகவே அத்தனை காசும் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டிருக்க வேண்டும் என்று தெரிந்தது; அவ்வளவு கனத்தைத் தாங்க முடியாத அந்தப் பானையை முதலில் மண்ணில் வைத்துவிட்டு, பிறகு சிறு கலங்களால் நிரப்பியிருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆபத்துக்குப் பயந்து ஒளித்த பணமா, கடவுளுக்குக் கொடுத்த காணிக்கையா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான் எழுந்தது. கிரிஸ்ப் அன்று மாலைக்குள் வாளி வாளியாக அள்ளியிருந்தாலும் அதே 52,503 காசுகள் கிடைத்திருக்கும். அந்தக் கேள்வி கிடைத்திருக்காது.

1992-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், தொலைந்துபோன ஒரு சுத்தியலைத் தேடிக் கருவியோடு போன எரிக் லாஸ் என்பவரும் இப்படித்தான், கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுச் சொல்லியனுப்பினார். மறுநாளே முறையான அகழாய்வு நடந்தது. மண்ணில் எஞ்சியிருந்த தடயங்களிலிருந்து, பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட காசுகளும் பொன் நகைகளும் ஒரு மரப்பெட்டிக்குள், சிறு பேழைகளாகப் பிரித்து, ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்று அறிய முடிந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் நீ அறிந்திருக்க வேண்டும். 2015-இல் இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட்ஷயரில் இருவர், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்து தாக்கிய வைக்கிங்குகளின் காலப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்து, யாரிடமும் சொல்லாமல் பிரித்து விற்றார்கள். அதிலிருந்த சில வெள்ளிக் காசுகளில் இரு அரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் உருவம் உண்டு. அக்கால இங்கிலாந்தில் வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்ஃபிரடும் மெர்சியா நாட்டை ஆண்ட இரண்டாம் சியோல்வுல்ஃபும் தம் பெயரில் தனித்தனியே வெளியிட்ட அந்தக் காசுகள், இருவரும் கூட்டாளிகளாக இருந்தார்கள் என்பதற்குச் சான்று. சியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் பொம்மை அரசன் என்று இகழ்ந்து பிற்காலத்தில் எழுதப்பட்ட குறிப்பைச் சந்தேகிக்க வைக்கும் சான்று. சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கருதப்படுகிறது. மீட்கப்பட்டவை மிகச் சிலவே. அந்த இருவரும் 2019-இல் சிறைக்குப் போனார்கள். விற்றுப்போன காசுகளோடு என்னென்ன போயிற்று என்பதை இனி யாரும் எழுத முடியாது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் மூன்று காசுகளும் நகர்ந்து வந்தவையாயிற்றே, அவற்றுக்கு இடக்குறிப்பு எதற்கு என்று நீ கேட்கலாம். 1987-இல் ஜெர்மனியின் கால்க்ரீஸ பகுதியில் டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, அப்பகுதித் தொல்லியலாளரின் ஒப்புதலோடு தேடி, ரோமானிய வெள்ளிக் காசுகளையும் ஈயக் கவண்குண்டுகளையும் கண்டெடுத்து உரியவர்களிடம் காட்டினார். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வில் கிடைத்த காசுகளில் கி.பி. 9-க்குப் பிந்தியது எதுவும் இல்லை. சில செப்புக் காசுகளின் மேல் ரோமானியத் தளபதி வாருஸின் பெயர்முத்திரை குத்தப்பட்டிருந்தது. அந்த ஆண்டில் அவர் தலைமையில் சென்ற மூன்று ரோமானியப் படையணிகள் அழிந்த போர்க்களம் எது என்று நூற்றாண்டுக்கணக்கில் நடந்த வாதத்தில், இன்று பெரும்பாலோர் ஏற்கும் விடை அங்கிருந்துதான் வந்தது. சில காலடி நகர்ந்த காசுகூட எந்த வயல், எந்த மூலை என்பதைச் சொல்லத்தான் செய்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீ இருக்கும் இடத்தின் சட்டத்தை நீயே படித்தாக வேண்டும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கதைக் கண்டால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். டென்மார்க்கில் அரிய கண்டெடுப்பு அரசுக்கே உரியது; அந்த மரபு 1241-ஆம் ஆண்டின் ஜட்லண்ட் சட்டம் வரை போகிறது. பிரான்சில் பழம்பொருள் தேடிக் கருவியைப் பயன்படுத்துவதற்கே முன் அனுமதி தேவை. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. நிலத்துக்காரரின் சம்மதம் இவை எதற்கும் மாற்றாகாது.

ஆகவே இன்றே போய்க் குழியை, எடுத்த மண்ணாலேயே மூடிவிடு. மூடுவதற்கு முன் குழியின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடு. செல்போனில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள். வரப்பிலிருந்தும் ஒரு மரத்திலிருந்தும் உள்ள தூரத்தை நாடா பிடித்து எழுது, ஏனெனில் செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப் போகக்கூடும். பிறகு நிலத்துக்காரருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல். வேறு யாருக்கும் சொல்லாதே. படத்தை எந்தக் குழுவிலும் போடாதே. 1980-களில் இங்கிலாந்தின் வான்பரோவில் ஒரு பழங்கோயில் இருந்த இடம் வெளியே தெரிந்துவிட்டதால், இரவோடு இரவாகக் கூட்டம் கூட்டமாக வந்து ஆயிரக்கணக்கான காசுகளை வாரிக்கொண்டு போனார்கள்.

அந்த மூன்று காசுகளையும் தேய்க்காதே. எலுமிச்சை, புளி, வினிகர், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். செம்பின் மேல் கரும்பச்சையாக, வழவழப்பாகப் படிந்திருக்கும் களிம்பில்தான் எழுத்தும் உருவமும் தங்கியிருக்கின்றன. புளிப்பு அதைத் தின்றால் கீழே மிஞ்சுவது சொறிந்த செம்புத் தகடுதான். ஒன்றின் மேல் வெளிறிய பச்சைத் தூள் பூத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அதுதான் கவலைப்பட வேண்டியது. மண்ணின் உப்பு செம்பில் ஏறி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அரித்துக்கொண்டே போகும் நோயாக அது இருக்கலாம். அதை மற்ற இரண்டிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வை. ஒட்டியிருக்கும் மண்கட்டியை உதிர்க்காதே. சில சமயம் அந்தக் கட்டியின் உட்புறத்திலேயே காசின் உருவம் திருப்பிப் பதிந்திருக்கும், அதுவும் ஒரு சான்று. மூன்றையும் தனித்தனி உறையில் இட்டு, உறையின் மேல் குழி எண்ணை எழுது.

பெரிய காயில் வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். பெரிய காயில் ஆழம் போகும், ஆனால் ஆணிகள் நிறைந்த வயலில் ஆணியையும் காசையும் பிரித்துச் சொல்லாது. நீ தேட வேண்டிய மேல்மண்ணுக்கு இருப்பதே போதும். துறையினர் வந்து பார்த்துவிட்டு வயலின் மற்றப் பகுதியைக் கருவியால் அளக்க உன் உதவியைக் கேட்டால் தயங்காமல் போ. கயிறு கட்டி வரிசை வரிசையாக நட. சத்தம் கேட்கும் இடத்தில் எல்லாம் கொடி நட்டு எண் கொடு. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்