பயிருக்கு ஆடுதுறை இருக்கிறது, ஆலைக்கு யார் இருக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிர் மஞ்சளித்தால் டெல்டா விவசாயிக்குப் போய்க் கேட்க இடம் இருக்கிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம், நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள், வட்டாரத்துக்கு வட்டாரம் வேளாண் அலுவலர்கள். அதே நெல்லை அவித்து, காயவைத்து, அரைக்கும் ஆலையில் குருணை கூடினால் ஆலைக்காரர் இயந்திரம் விற்ற டீலரைத்தான் கூப்பிடுகிறார். வருகிறவர் பெரும்பாலும் புது இயந்திரத்தின் விலைப்பட்டியலோடு வருகிறார்.

பொறியியல் அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. திருச்சியில் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய என்.ஐ.டி. இருக்கிறது. குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி, தஞ்சையில் சாஸ்த்ரா, எல்லா மாவட்டத்திலும் பாலிடெக்னிக்குகள். தஞ்சையிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு தரக் கட்டுப்பாட்டு ஆய்வகமாகப் பிறந்தது. ஆலைக்குள்ளேயே பிறந்த அந்த முறையைத்தான் மறுபடியும் கேட்கிறோம்: கல்லூரிப் பொறியாளர் கருவிகளோடு ஆலைக்குள் வர வேண்டும், அளக்க வேண்டும், ஒரு மாற்றம் செய்ய வேண்டும், மீண்டும் வந்து அளக்க வேண்டும். கருத்தரங்குகளும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் இதற்கு ஈடாகா.

அளப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்குக் குருணையையே எடுத்துக்கொள்வோம். அரிசி உடைவது உமி நீக்கும் ஷெல்லரிலும் தவிடு நீக்கும் பாலிஷரிலும் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் ஃபிட்டர் ரப்பர் ரோலின் இடைவெளியைக் கூட்டுவார், குறைப்பார். கடைசியில் ரோலையே மாற்றுவார். புழுங்கல் ஆலையில் கோளாறு பல நேரம் நெல்லைக் காயவைக்கும் டிரையரில் இருக்கிறது. அவித்த நெல்லில் ஏறத்தாழ 35 சதவீதம் ஈரம் இருக்கும். அதை 16 முதல் 18 சதவீதம் வரை வேகமாகக் காயவைத்தாலும் நெல்மணிக்குப் பெரிய கேடில்லை. அதற்குக் கீழே அதே சூட்டில் ஒரே மூச்சாக 14க்கு இறக்கும்போதுதான் மணியின் வெளிப்புறம் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரத்தோடு நிற்க, வெடிப்பு விழுகிறது. அந்த வெடிப்பு டிரையரில் தெரியாது. நெல் ஆறத் தொடங்கி சில மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும். அதற்குள் நெல் ஷெல்லருக்குப் போய்விடுகிறது, பழியும் ஷெல்லர்மேல் விழுகிறது.

இதைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். டிரையரிலிருந்து இறங்கும் நெல்லில் ஒரு கைப்பிடி எடுத்து மூடிய டப்பாவில் 24 மணி நேரம் வைத்து, 100 மணிகளைக் கையால் உமி நீக்கி, கண்ணாடித் தட்டில் பரப்பி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் வெடித்த மணிகளை எண்ணிவிடலாம். அடுத்து டிரையர் வாய், ஷெல்லருக்கு முன், ஷெல்லருக்குப் பின், பாலிஷருக்குப் பின், எலிவேட்டர் கொட்டும் இடம் என்று ஐந்து இடங்களில் மாதிரி எடுத்து வெடிப்பை எண்ணி, உடைவை எடை போட்டால், நட்டம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று இரண்டே நாளில் சொல்லிவிடலாம். டிரையர்தான் காரணம் என்றால் தீர்வு எளிது. 16 முதல் 18 சதவீதத்தில் நிறுத்தி, நெல்லைக் குவித்து சில மணி நேரம் ஆறவிட்டு, சூட்டைக் குறைத்து இரண்டாம் சுற்றில் 14க்குக் கொண்டுவரலாம். தேவைப்படுவது ஆறவைக்க ஒரு தொட்டியும் ஷிப்ட் நேரத்தில் சிறு மாற்றமும்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பச்சை நெல்லுக்கு அளவுதிருத்தம் செய்த ஈரப்பத மானி அவித்த நெல்லில் தவறாகக் காட்டும். மானி 14 என்று காட்டும்போது உள்ளே 11 இருக்கலாம். அவித்த நெல் ஒரு டன்னை 35இலிருந்து 14க்குக் கொண்டுவர சுமார் 244 கிலோ தண்ணீரை விரட்ட வேண்டும். 11 வரை போனால் இன்னும் 25 கிலோ. அந்த 25 கிலோவும் ஆலையின் எடைக் கணக்கில் குறைகிறது, அதை விரட்ட எரித்த உமியும் வீண், வெடிப்பும் கூடுகிறது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மின்அடுப்பும் துல்லியத் தராசும் இருந்தால், மாதிரியைக் காயவைத்து எடை பார்த்து ஆலையின் மானிக்கு ஒரு திருத்த அட்டவணை போட்டுத் தந்துவிடலாம். அரசு ஒப்பந்தத்தில் புழுங்கலுக்கு 68, பச்சரிசிக்கு 67 சதவீதம் அரிசி கொடுத்தாக வேண்டிய ஆலைக்கு இந்த அட்டவணையின் மதிப்பு தெரியும்.

பாய்லர் பக்கமும் இதே நிலைதான். டிரையரின் ரேடியேட்டரில் நீராவி குளிர்ந்து வரும் கொதிநிலை நீரைச் (கண்டன்சேட்) சாக்கடையில் விடும் ஆலைகள் இன்னும் உண்டு. பாய்லருக்குப் போகும் நீரின் வெப்பம் 6 டிகிரி உயர்ந்தால் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம். 30 டிகிரி நீருக்குப் பதில் 60 டிகிரி நீர் போனால் 5 சதவீத உமி மிஞ்சும். புகைபோக்கி வாயுவின் வெப்பத்தை 22 டிகிரி குறைத்தாலும் ஏறத்தாழ 1 சதவீதம் கிடைக்கும். கடலோர வட்டங்களில் நிலத்தடி நீர் உப்பு. நீரின் கடினத்தன்மையைப் போக்கும் மென்னீராக்கியை உரிய நேரத்தில் உப்புக்கரைசல் விட்டுப் புதுப்பிக்காவிட்டால் குழாயின் உள்ளே சுண்ணாம்பு படிந்து, வெப்பம் நீருக்குப் போகாமல் குழாய்ச் சுவரிலேயே தங்கி, குழாய் புடைக்கும். நீரின் கடினத்தன்மையைச் சோதிக்கும் சிறு பெட்டியும் நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மானியும் பாய்லர் அறையில் இருந்து, தினமும் ஒரு வரி பதிவேட்டில் ஏறினால் இது வராது. ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: மாணவர்களோ பேராசிரியர்களோ பாய்லரின் அழுத்தப் பகுதி எதிலும் கை வைக்கக் கூடாது. அங்கே ஒரு வெல்டு போடுவதானாலும் பாய்லர் துறையின் அனுமதி வேண்டும்.

புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேனில் பேரிங் அடிக்கடி போகும் ஆலைகள் பல. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது ஃபேனின் சுழல்சக்கரமான இம்பெல்லரின் இலைகளைச் சமமில்லாமல் அரிக்கிறது. எடை ஒரு பக்கம் சாய்ந்து ஃபேன் அதிர்கிறது. பேரிங்கை மாற்றினால் மூலகாரணம் அப்படியே இருக்கும். ஃபேன் வி-பெல்ட்டில் ஓடுவதால் அதன் வேகத்தை டேக்கோமீட்டரில் தனியாக அளக்க வேண்டும். நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் விநாடிக்கு 24. அதிர்வும் 24இல் ஓங்கினால் எடைச் சமமின்மை என்று முதலில் சந்தேகிக்கலாம். 48இல் ஓங்கினால் ஷாஃப்ட் நேர்க்கோட்டில் இல்லையா என்று பார்க்க வேண்டும். பல மடங்குகளில் சிதறினால் அடித்தளப் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். இம்பெல்லரைக் கழற்றாமல், ஓரிடத்தில் சோதனை எடை வைத்து ஓட்டிப் பார்த்துச் சமன் செய்வது மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் பாடத்தில் படிக்கும் கணக்கு. அதை அவர் உண்மையான ஃபேனில் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டாமா?

அரிசி ஆலை மட்டுமல்ல. நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகளில் பித்தளைக் கழிவை உருக்கித்தான் வார்க்கிறார்கள். கழிவில் இரும்பு கலந்திருந்தால் வார்ப்பில் கடினப் புள்ளிகள் விழுந்து கடைசலில் டூல் முனை உடையும். அலுமினியம் கலந்திருந்தால் மேலே ஆடை படிந்து வார்ப்புக்குள் மடியும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிப்பது. உலையில் சூடு மிஞ்சினால் வெண்புகையாக அது போய்க்கொண்டே இருக்கும், உலோகக் கலவையும் மாறும், அந்தப் புகையை மூச்சில் இழுக்கிறவருக்கு இரவில் காய்ச்சல் வரும். உலைச் சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிள், கழிவை உருக்குமுன் கலவையைச் சோதிக்கும் வசதி, உலைக்கு மேல் ஒரு புகைக்கூண்டு: இந்த மூன்றையும் அருகிலுள்ள கல்லூரி அமைத்துத் தர முடியும். ஆனால் வார்ப்பு அச்சுக்கான ஆற்று வண்டல் மண்ணின் நுணுக்கத்தை ஸ்தபதிகளிடமும் பட்டறைக்காரர்களிடமும் கல்லூரிதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

திருச்சி அருகே துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளின் தேவை வேறு. பாய்லர் வேலை ஆர்டர்களை நம்பி வளர்ந்த இவை, ஆர்டர் குறைந்தபோது புதுத் துறைகளைத் தேட வேண்டியதாயிற்று. புது வாடிக்கையாளர் முதலில் கேட்பது தகுதிச் சோதனை செய்த வெல்டிங் நடைமுறை ஆவணம். இழுவிசை, வளைவு, கடினத்தன்மைச் சோதனைகளுக்குக் கல்லூரி ஆய்வகங்களில் இயந்திரங்கள் சும்மா நிற்கின்றன. லோ-ஹைட்ரஜன் எலக்ட்ரோடை (வெல்டிங் குச்சியை) 300 டிகிரிக்கு மேல் சுட்டு, சூடான பெட்டியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தாமல் மழைக்காலத்தில் வெல்டு போட்டுவிட்டு, மறுநாள் விரிசலைக் கண்டு இரும்பைக் குறை சொல்வதும் இன்னும் நடக்கிறது.

அமெரிக்காவில் 1976 முதல் பல்கலைக்கழகப் பொறியியல் துறைகள் எரிசக்தித் துறையின் பணத்தில் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்குப் போய் வந்திருக்கின்றன. பேராசிரியரும் மாணவர்களும் ஒரு நாள் முழுக்க ஆலையில் அளந்து, 60 நாளுக்குள் பரிந்துரைகளையும் செலவு-மிச்சக் கணக்கையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எது நிறைவேறியது என்றும் கேட்டிருக்கிறார்கள்.

இப்படியொரு முறை இங்கே ஏன் நிலைக்கவில்லை என்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. பேராசிரியரின் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணப்படுகிறது, நின்றுபோன ஃபேனை ஓடவைத்தது எண்ணப்படுவதில்லை. மாணவரின் திட்டப்பணி பருவத்தோடு முடிகிறது. அறிக்கை ஆங்கிலத்தில் தடித்த புத்தகமாக வருகிறது. பாய்லர் அட்டெண்டர் அதைத் தொடுவதே இல்லை. ஆலைக்காரருக்கு, தன் கணக்கு வெளியே போகுமோ என்ற பயம். ஆகவே ரகசியக் காப்பு உறுதியைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அறிக்கை நான்கு பக்கத்துக்கு மிகாமல் தமிழில், முதலில் காசில்லாமல் செய்யக்கூடியவை, பிறகு செலவுள்ளவை என்ற வரிசையில் இருக்க வேண்டும். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே கருவியோடு திரும்பி வர வேண்டும். ஆலைக்காரரும் சிறு கட்டணம் கட்டி, தன் ஃபிட்டர் ஒருவரை முழு நேரமும் உடன் அனுப்ப வேண்டும். ஏனென்றால் மாணவர் போன பிறகு அந்த மாற்றத்தைக் காப்பாற்றப் போகிறவர் அவர்தான்.

2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபின், உருக்காலைகளும் எண்ணெய்க் கிணறுகளும் டெல்டாவில் புதிதாக வரப்போவதில்லை. வரவும் வேண்டாம். இங்குள்ள பிள்ளைகளுக்கு வேலை, இருக்கிற அரிசி ஆலைகளும் தவிட்டு எண்ணெய் ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் வளர்ந்தால்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி மாவட்டத் தொழில் மையங்கள் ஒவ்வொன்றும் ஒரு பொறியியல் கல்லூரியையும் ஒரு பாலிடெக்னிக்கையும் சேர்த்து இதைத் தொடங்கலாம்.

காலமும் பொருந்தி வருகிறது. கல்லூரிகளில் இறுதிப் பருவத் திட்டப்பணி ஜனவரி முதல் ஏப்ரல் வரை. சம்பா, தாளடி நெல் ஆலைகளில் குவிவதும் அப்போதுதான். கார்த்திகைக்குள் தொழில் மையம் ஆலைகளிடம் பெயர் வாங்கி, மார்கழியில் மாணவர்களுக்குப் பெல்ட், பாய்லர் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துவிட்டால், தை, மாசியில் ஆலை முழு வேகத்தில் ஓடும்போதே அளந்துவிடலாம். பழுது நீக்கமும் மாற்றமும் வரத்து குறையும் சித்திரை, வைகாசியில். மறு அளவீடு, குறுவை நெல் வரும் புரட்டாசியில்.

இப்படிக்கு,
ஆலைப் பராமரிப்புப் பணியிலுள்ள பொறியாளர்கள் சிலர்,
திருவாரூர்.