இயற்கை ஆர்வலர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் கவனமெல்லாம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தின் மேல்தான். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, இன்று உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இருக்கும் குளம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து பெருகினால்தான் அங்கே பறவை தங்கும். மாசியில் பள்ளிப் பிள்ளைகளோடு போனோம். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் நடுக்குளத்தில் கூட்டமாகக் கிடந்தன. வெள்ளைத் தலையில் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டை. ஒரு தடவை தொலைநோக்கியில் பார்த்துவிட்டால் அப்புறம் அடையாளம் தப்பாது.

ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. எச்சமும் மீன் வாடையும் இருந்தும் யாரும் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதுமில்லை. உச்சி வெயிலில் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று சூரியனுக்கு முதுகைக் காட்டி இறக்கையை விரித்து நின்றது. அந்த நிழலில் குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி ஒண்டிக் கிடந்தன. படம் எடுக்க மரத்தடிக்கே போனால் அந்தப் பெரிய பறவை எழுந்துவிடும். குஞ்சு வெயிலில் வாடும், காக்கையும் வந்துவிடும். எனவே கூட்டுக்கு அருகே போய்ப் படம் எடுப்பதை நம் சங்கப் பயணங்களில் அறவே நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தீர்மானமாகவே கொண்டுவருகிறேன்.

கோடையில் பாம்புக்கடி முதலுதவிப் பயிற்சி நடத்தினோம். மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். கடித்த இடத்தைக் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கையோ காலோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து நேரே ஆஸ்பத்திரி. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் தேவையில்லை. கட்டுவிரியன் கடித்தால் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. தூங்குபவருக்குக் கடித்ததே தெரியாமல் போகலாம். பாயில் படுக்கும் வீடுகளில் கொசுவலை இதற்கும் காவல் என்று அவர் சொன்னதை வந்திருந்த பெண்கள் பலர் குறித்துக்கொண்டார்கள். இந்தப் பயிற்சியை வரும் ஆண்டு வயல் வேலைக்குப் போகிறவர்களிடம் கொண்டுபோக வேண்டும். அவர்களுக்குத்தான் முதலில் தேவை.

நம்மிடம் இருக்கும் தொலைநோக்கிகள் பிள்ளைகளுக்குப் போதவில்லை. வீட்டில் சும்மா கிடப்பதை இரவல் தர முன்வரும் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்