குளிரைச் சொல்லும் செடி

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி இப்போது தேவலாமா? இங்கே எல்லாரும் சுகம். மகள் வேலை மாற்றிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கே வந்துவிட்டாள். அவள் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தக்காளிக்குக் குளிர் தாக்கியது இலை வாடிய பிறகுதான் தெரிகிறது, முன்கூட்டியே பார்க்க வழி இல்லையா என்று கேட்டிருந்தாய். நீ இருக்கும் கேமரன் மலையில் 1978-இல் வெப்பநிலை 7.8 பாகை வரை இறங்கியிருக்கிறது. தக்காளிக்கோ 12-க்குக் கீழே போனாலே ஆகாது. ஆனால் செடிக்கு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அரபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி ஒன்று உண்டு. அதைக் குளிரில் வைத்த கால் மணி நேரத்துக்குள் சிபிஎஃப் என்ற மரபணுக்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. குளிரைத் தாங்க உதவும் மற்ற மரபணுக்களை அவைதான் கிளப்பிவிடுகின்றன. தக்காளியிலும் அந்த வகை உண்டு.

இதைக் கண்ணுக்குக் காட்டுவதற்கு, குவாலா சிலாங்கூரில் படகேறிப் போய்ப் பார்த்தோமே, அந்த மின்மினிப் பூச்சியின் சொந்தக்கார இனம் ஒன்றுதான் கைகொடுத்தது. குளிருக்கு வேலை செய்யும் மரபணுவில் அதை முடுக்கிவிடும் பகுதியை, அதாவது சுவிட்சை மட்டும் எடுத்து, மின்மினிக்கு ஒளி தரும் லூசிஃபரேஸ் மரபணுவோடு ஒட்டிச் செடிக்குள் வைக்கிறார்கள். குளிர் பட்டால் இலை ஒளிரும், குளிர் விட்டால் மங்கும். மின்மினி மரபணு வைத்த புகையிலை 1986-இலேயே ஒளிர்ந்துவிட்டது. ஆனால் அது ஒளிர லூசிஃபெரின் என்ற மருந்தை இலையில் தெளிக்க வேண்டும். வரும் வெளிச்சமும் ரொம்ப மங்கல். கும்மிருட்டும் அதற்கென்றே உள்ள கேமராவும் இல்லாமல் பிடிபடாது. ஆய்வுக்கூடத்தில் சரி, பிரிஞ்சாங்கில் உன் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நடக்கிற காரியமா?

தோட்டத்துக்கு எனக்குப் பிடித்தது 2020-இல் வந்த ரூபி முறை. டைரோசின் என்ற அமினோ அமிலம் எல்லாச் செடியிலும் இருக்கிறது. அதை மூன்று நொதிகள் சேர்ந்து பீட்ரூட்டின் சிவப்புச் சாயமாக மாற்றிவிடும். மருந்தும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். வரப்பில் நின்று பார்த்தாலே போதும். அந்த மூன்றையும் குளிர் சுவிட்சோடு கோத்துவிட்டால் குளிர் பட்ட செடி சிவக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், சாயம் ஏற நேரம் பிடிக்கும், ஏறியது தேர்தல் மை மாதிரி லேசில் போகாது. நேற்றுப் பட்ட குளிரா, போன வாரத்துக் குளிரா என்று இலை சொல்லாது.

சுவிட்சைத் தேர்ந்தெடுப்பதிலும் வம்பு இருக்கிறது. ஆய்வுக்காரர்கள் அதிகம் பயன்படுத்திய ஆர்டி29ஏ என்ற மரபணுவின் சுவிட்ச் வறட்சிக்கும் உப்புக்கும்கூட வேலை செய்யும். நீ ஒருநாள் தண்ணீர் விட மறந்தாலும் குளிர் என்று கத்தும்! அப்புறம், அதே குளிர் காலையில் பட்டால் சிபிஎஃப் எகிறும், சாயங்காலம் பட்டால் அவ்வளவு இருக்காது. செடிக்குள் ஓடும் கடிகாரத்தின் வேலை அது. ஆகவே இலையை மட்டும் நம்பாமல் வெப்பமானியையும் பார்த்தாக வேண்டும்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: தோட்டம் முழுக்க இப்படிச் செடி தேவையில்லை. குளிர் தேங்கும் பள்ளத்து ஓரத்தில் காவலுக்கு நாலைந்து நின்றால் போதும். அதற்கும் நம் மலேசியாவில் 2007-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் வெளியே நட முடியாது. ஆக, இந்தப் பருவத்துக்கு நீ கூடாரத்தின் ஓரத்தை ராத்திரியில் இறக்கிக் கட்டு.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறாயா? வருவதென்றால் முன்னாடியே சொல், மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். வரும்போது கொஞ்சம் தேயிலைத் தூள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து உன் நண்பன்