ஒரு சோறு பதம்ங்கறது மேடைக்கு செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல டிவி நட்சத்திரங்கள் மேடை ஏறுறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். அதுல நைட் ரைடர் டிவி தொடர் நடிகர் டேவிட் ஹாஸல்ஹாஃப் நடிச்ச ஜெக்கில் அண்ட் ஹைட் மியூசிக்கல பத்தி, அதாவது ஜெக்கில்ங்கற டாக்டர் தன் மருந்தாலயே ஹைட்ங்கற கொலைகாரனா மாறற பாட்டு நாடகத்த பத்தி, அவர் நடிப்பு மோசம்னு கிண்டலா ரெண்டே ரெண்டு வரி, அதுவும் இணையத்துல சுத்துற ஒரு பாட்டு க்ளிப்ப மட்டும் பாத்துட்டு எழுதினதுன்னு படிச்ச உடனே தெரியுது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க சார், ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுற ஒரு நாடகத்துல உச்சகட்ட பாட்ட மட்டும் பிச்சு எடுத்து பாத்தா அது பதம் பாக்கறது ஆகாது. நான் அந்த நாடகத்தோட வீடியோ பதிவ முழுசா மூணு தடவ பாத்தவன், ஹாஸல்ஹாஃப் நடிப்புல எனக்கும் குறை இருக்கு, ஆனா கட்டுரையாளர் சொன்ன குறை அது இல்ல, அதனாலதான் எழுதறேன்.

முதல்ல அந்த பதிவு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். இந்த மியூசிக்கல் நியூயார்க்ல பெரிய நாடக அரங்குகள் இருக்கற பிராட்வேல பிளைமவுத் தியேட்டர்ல 1997 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2001 ஜனவரி 7 வரைக்கும் 1543 காட்சி ஓடினது. இசை ஃபிராங்க் வைல்ட்ஹார்ன், வசனமும் பாட்டு வரியும் லெஸ்லி பிரிகஸ். முதல்ல நடிச்சவர் ராபர்ட் குச்சியோலி, பிராட்வே நாடகங்களுக்கு குடுக்கற டோனி விருதுக்கு பரிந்துரை ஆனவர். அப்புறம் ஆள் மாறி மாறி, ராக் பாடகர் செபாஸ்டியன் பாக் எல்லாம் நடிச்சு, கடைசி சில மாசம்தான் ஹாஸல்ஹாஃப் வந்தார். அவர் வந்த நேரம் நாடகம் மூட போற நேரம், டிக்கெட் விக்க ஒரு தெரிஞ்ச முகம் வேணும், அந்த முகம்தான் கேமராலயும் பதிவாச்சு. குச்சியோலி நடிச்சத இப்படி முழுசா படம் எடுத்து வெளியிட்டிருந்தா இன்னிக்கு இந்த பேச்சே வந்திருக்காது. நம்ம கைல இருக்கற முழு பதிவு இது ஒண்ணுதான்ங்கறதால உலகம் பூரா இந்த நாடகத்த பாக்காதவன் கூட அவர வச்சுதான் அத தெரிஞ்சு வச்சிருக்கான், அந்த பாரம் முழுக்க அவர் தலைல விழுந்துடுச்சு.

அந்த வேஷம் எவ்ளோ கஷ்டம்னு கட்டுரைல ஒரு வார்த்த இல்ல. பிராட்வேல வாரத்துக்கு எட்டு காட்சி. இந்த ஒரு பாத்திரத்துக்கு மட்டும் ஆரம்பத்துலயே மாத்து நடிகர் ஒருத்தர் இருந்து சில காட்சிய அவர் பாத்துக்கிட்டார்னா தொண்டைக்கு எவ்ளோ வேலன்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. ஜெக்கில் மெல்லிசா பாடணும், ஹைட் அடித்தொண்டைல உறுமணும், உறுமின அதே தொண்டையோட அடுத்த நிமிஷம் திரும்ப மெல்லிசா வரணும்.

இப்ப அவர் எப்படி பாடினார்னு வருவோம். மருந்த தனக்கு தானே குத்திக்க போறதுக்கு முன்னாடி வர்ற பாட்டு, "திஸ் இஸ் த மொமன்ட்", அதுதான் நாடகத்தோட உயிர். கீழ் ஸ்தாயில கிட்டத்தட்ட பேசற மாதிரி ஆரம்பிச்சு, நடுவுல சுருதியே ஒரு படி மேல ஏறி, கடைசில ஒரே கார்வைல, அதாவது ஒரே சுரத்த நீட்டி பிடிச்சு, நிக்கணும். ஹாஸல்ஹாஃப் தொடக்கத்த ரொம்ப நல்லா பண்றார், அவசரப்படாம, சொல்ல சொல்லா விட்டு, ஒரு டாக்டர் தன் கூடவே பேசிக்கிற மாதிரி. மேல ஏற ஏற குரல் இறுகுது. கடைசி கார்வைய பிடிக்கறார், விடல, ஆனா அது தளும்புது, குடத்த தலைல வச்சுகிட்டு வேகமா நடந்தா தண்ணி தளும்பற மாதிரி. அபஸ்வரம்னு சொல்ல மாட்டேன். பயிற்சி இருக்கற குரல், ஆனா இந்த வேஷத்துக்கு தேவையான அளவு பெரிய குரல் இல்ல. இதுதான் நான் அவருக்கு போடற முதல் குறை, இத மறைக்க எனக்கு விருப்பம் இல்ல.

ஆனா இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். 1994ல ஆன்டனி வார்லோ பாடி இதே மியூசிக்கலோட முழு ஆல்பம் வந்துச்சு, அத கேட்டு பழகின ரசிகர்கள்தான் ஹாஸல்ஹாஃப்ப ரொம்ப திட்டறது. வார்லோ குரல் அபாரம், ரெண்டு வேற ஆள் பாடற மாதிரியே இருக்கும், நானும் அவருக்கு அடிமை. ஆனா அது ஸ்டூடியோல பாடினது. சரியா வரலன்னா தண்ணி குடிச்சுட்டு திரும்ப பாடலாம். மேடைல ஒரு நடிகன் மேஜைய தள்ளி, கோட்ட கழட்டி, படி ஏறி இறங்கி, அப்புறம் அதே மூச்சுல பாடறான். ரெண்டயும் பக்கத்துல வச்சு ஒரே தராசுல நிறுத்தறது எனக்கு நியாயமா படல.

சரி, கட்டுரைல கிண்டல் பண்ணின அந்த பாட்டுக்கு வர்றேன். கிட்டத்தட்ட முடிவுல ஜெக்கிலும் ஹைடும் ஒரே உடம்புக்குள்ள சண்ட போட்டுக்கற பாட்டு. ஒரே நடிகன், ஒரு வரி இவன் ஒரு வரி அவன். பாதி முகத்துல முடிய விழ விட்டு, தலைய ஒரு பக்கம் திருப்பினா ஜெக்கில், மறு பக்கம் திருப்பினா ஹைட். இது மேடைக்காக கண்டுபிடிச்ச வித்த. இருபதாவது வரிசைல உக்காந்து இருக்கறவனுக்கு கண்ணோ புருவமோ தெரியாது, அந்த தலை திரும்பறதும் முடி பறக்கறதும் வெளிச்சம் மாறறதும்தான் தெரியும். அவனுக்காகத்தான் நடிகன் எல்லாத்தயும் பெருசா பண்றான். நம்ம பழைய நாடக நடிகர் கிட்டப்பா மைக்கே இல்லாத காலத்துல கடைசி வரிசை வரைக்கும் கேக்கற மாதிரி பாடினார்னு சொல்றோம் இல்லயா, அவர் வாய்க்கு ஒரு அடி தள்ளி கேமராவ வச்சு எடுத்திருந்தா அந்த வாய் எவ்ளோ அகலமா திறந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. அதேதான் இங்கயும் நடந்துச்சு. டான் ராய் கிங் இயக்கின அந்த பதிவுல கேமரா முகத்துக்கு ரொம்ப பக்கத்துல போயிடுது, பல்லும் வேர்வையும் விரிஞ்ச கண்ணும் திரை முழுக்க நிக்குது, உடனே நமக்கு ஓவர் ஆக்டிங்னு தோணுது. அந்த இடத்துல தூரத்து ஷாட்ட மட்டும் விட்டிருந்தா பாதி விமர்சனம் வந்திருக்காது.

அப்போ தப்பே இல்லயான்னு கேட்டா, இருக்கு. அவரோட ஹைட் ரொம்ப சிரிக்கறான். ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரு உறுமல், ஒரு இளிப்பு. ஹைட் கெட்டவன்னு நமக்கு முன்னாடியே தெரியும் சார், அவன் கொலை பண்ணிகிட்டு இருக்கான், அத திரும்ப திரும்ப முகத்துல எழுதி ஒட்ட வேண்டியது இல்ல. ஆறடிக்கு மேல உயரம், அகலமான தோள், அந்த உடம்போட சும்மா அசையாம நின்னு மெதுவா பாடியிருந்தாலே பயம் வந்திருக்கும். இது கேமரா தப்பு இல்ல, நடிகனோட தேர்வு, இங்க நான் அவருக்கு மார்க் குறைப்பேன்.

இதுக்கு நேர் எதிரா ஒரு காட்சி இருக்கு, அத யாரும் க்ளிப்பா போடறது இல்ல. லூசிங்கற பெண் முதுகுல காயத்தோட ஜெக்கில் கிட்ட வைத்தியத்துக்கு வர்றா. மருந்து போட்டுகிட்டே யார் இப்படி பண்ணினதுன்னு விசாரிக்கறார், அவ ஹைட்னு பேர சொல்றா. சொன்ன உடனே ஹாஸல்ஹாஃப் ஒண்ணுமே பெருசா பண்ணல. கை அப்படியே நிக்குது, முகத்துல இருந்து ரத்தம் இறங்கின மாதிரி ஆகுது, அவளுக்கு தெரிஞ்சுட கூடாதேன்னு வேலைய தொடர பாக்கறார், அந்த ஒரு நிமிஷத்துல தான் என்ன பண்ணிட்டோம்னு அந்த டாக்டருக்கு புரியறது நமக்கும் புரியுது. இந்த இடத்துல மட்டும் அந்த க்ளோஸப் அவருக்கு உதவி பண்ணுது. பல வருஷம் டிவி கேமரா முன்னாடி நின்ன மனுஷன், சின்னதா நடிக்கறது எப்படின்னு அவருக்கு தெரியும், பாட்டு இல்லாத இடத்துல எல்லாம் அது தெரியுது. எனக்கு கண் கலங்கினது அங்கதான், லூசியா நடிச்ச கோலின் செக்ஸ்டனும் அந்த காட்சில அவருக்கு ஈடு கொடுத்து நடிச்சிருக்காங்க.

நைட் ரைடர் பாத்து வளர்ந்தவன் நான், அதனால பாசத்துல பேசறேன்னு நினைக்காதீங்க. பாசம் இருந்தா அந்த தளும்பற கார்வைய பத்தி எழுதியே இருக்க மாட்டேன். நைட் ரைடர்ல வர்ற பேசற காரும் பேவாட்ச் தொடர்ல கடற்கரைல போட்ட சிவப்பு டிரவுசரும் நம்ம கண்ணுல ஒட்டிகிட்டு இருக்கறதால, அவர் கோட்டு போட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் டாக்டரா வந்து நின்ன உடனேயே நாம அவர நம்ப மாட்டேங்கறோம். முதல் காட்சில மனநிலை தப்பின அப்பா பக்கத்துல உக்காந்து பாடறப்ப அவர் உண்மையாத்தான் பாடறார், நமக்குத்தான் வேற ஆள் தெரியறான். முதல் அர மணி நேரம் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அப்புறம்தான் விட்டு போச்சு.

கட்டுரையாளர் கிட்ட நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு சார். அந்த பதிவ ஒரு ராத்திரி முழுசா உக்காந்து பாக்க சொல்லுங்க, அந்த லூசி காட்சிய விடாம பாக்க சொல்லுங்க. பாத்துட்டு திரும்பவும் மோசம்னு எழுதினா நான் மறுபேச்சு பேச மாட்டேன், அது அவர் கருத்து, அவர் பாத்து எழுதினது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்