மருந்துச் சீட்டு எழுதும் கைகளுக்கு ஒரு மடல்

தமிழ்நாட்டு மருத்துவர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நிற்கும் மருந்தாளுநராக இதை எழுதுகிறேன். மாசக் கடைசியில், "அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்க" என்று கேட்டு பிரஷர் மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் பலர். அதே மருந்து, வேறு கம்பெனி, விலை குறைவாக அலமாரியிலேயே இருக்கும். ஆனால் சீட்டில் எழுதிய பிராண்டை டாக்டரின் சம்மதம் இல்லாமல் மாற்றிக் கொடுக்க மருந்து விதிகள் எனக்கு இடம் தருவதில்லை. காசு கொடுப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர். மருந்துக் கம்பெனிகள் பரிசோடு உங்களைத் தேடி வருவது அதனால்தான்.

இதை அவரவர் மனசாட்சி என்று விட்டுவிட முடியாது. சுற்றி இருப்பவர்கள் வாங்கும் இடத்தில், வேண்டாம் என்கிற டாக்டர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வழக்கத்தை மாற்ற விதிகள் வேண்டும். 2009இல், அப்போது டாக்டர்களுக்கு விதி வகுத்த இந்திய மருத்துவக் கவுன்சில், கம்பெனிகளிடம் பரிசும் பயணச் செலவும் வாங்கக் கூடாது என்றது. அது வாங்குபவரை மட்டுமே கட்டுப்படுத்தியது. அப்புறம், டாக்டர்களுக்குப் பரிசு கொடுத்த செலவுக்கு வரிக்கழிவு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது அப்பெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனி. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தச் செலவு கடைசியில் மருந்து விலையில்தான் ஏறுகிறது என்பதையும் தீர்ப்பு சொன்னது. அந்த விலையைத்தான் நான் கவுன்டரில் வாங்குகிறேன்.

2024 மார்ச்சில் மருந்துக் கம்பெனிகளுக்கு மத்திய அரசு கொண்டுவந்த விற்பனை நெறிமுறை பரிசைத் தடுக்கிறது. இலவச சாம்பிளின் மதிப்பு உள்நாட்டு விற்பனையில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் கம்பெனி மேல் வரும் புகாரை விசாரிப்பது கம்பெனிகளின் சங்கம் அமைக்கும் குழு. இதை நம்பி ஒரு நோயாளி புகார் எழுதுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டப்படி, எந்த டாக்டருக்கு என்ன கொடுத்தோம் என்று கம்பெனிகள் அரசிடம் சொல்ல வேண்டும். 2014 முதல் யார் வேண்டுமானாலும் அதை இணையத்தில் பார்க்கலாம். கொடுப்பது அங்கே நின்றுவிடவில்லை, சரி. ஆனால் நோயாளிக்குத் தெரிகிறது.

அப்படி ஒரு சட்டம் இங்கேயும் வேண்டும் என்று நீங்களே அரசிடம் கேளுங்கள். அது வரும்வரை, கம்பெனிகளிடம் வாங்கிய பேச்சுக் கட்டணத்தையும் ஆலோசனைக் கட்டணத்தையும் உறுப்பினர்கள் கிளினிக் வாசலில் எழுதி வைக்கட்டும். வாங்காதவர் 'இல்லை' என்று எழுதட்டும். இதைத் தனி டாக்டர் ஒருவர் செய்தால் விசித்திரமாகத் தெரியும். சங்கம் தீர்மானம் போட்டால் அது தொழிலின் வழக்கமாகிவிடும். அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளுங்கள். விலை வித்தியாசத்தை விளக்க ஆள் வேண்டுமென்றால், பில் புத்தகத்தோடு வரத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு மருந்தாளுநர்