வேறு இடம் எது, ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்துக்கு அருகே மண்டைதீவில் அமையும் கிரிக்கெட் மைதானம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். கண்டலும் சேறும் அழிந்தால் பறவைகள் எங்கே போகும் என்ற சுற்றாடல் ஆர்வலர்களின் கவலையை ஒரே வரியில் தீர்த்து வைத்திருக்கிறார் கட்டுரையாளர்: "பறவைகளுக்குச் சிறகு இருக்கிறது, வேறு இடம் பார்த்துக்கொள்ளும்." நல்லது. அந்த வேறு இடத்தின் முகவரியையும் கீழே போட்டிருந்தால் பறவைகளுக்கு உதவியாக இருந்திருக்கும்.

கல்லுண்டாய் வெளியைச் சொல்கிறாரா? அங்கே குப்பை எரியும் நாளில் மோட்டார் சைக்கிளில் போகிறவனே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகிறான். எங்கள் அரியாலைக் கரையா? கடலட்டைப் பண்ணைக்கென்று தடிகளை நட்டு வலை கட்டியதிலிருந்து சிறு மீன்பிடிகாரருக்கே கால் வைக்க இடமில்லை. சுண்டிக்குளமா? அது 1938 இல் பறவைகள் சரணாலயமானது, 2015 இல் தேசியப் பூங்காவானது. பெயர்ப்பலகை வளர்ந்திருக்கிறது என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான்.

பூநாரை கண்ட தண்ணீரில் எல்லாம் இறங்குகிற பறவை அல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. நின்று மேய்வதற்குக் கணக்கான ஆழம் வேண்டும், அடியில் சேறு வேண்டும், சேற்றில் சிற்றுயிர்கள் வேண்டும். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, அலகால் வடித்து உண்ணும். தண்ணீர் வற்றியபின் எங்கள் கரைக்கு வந்து பாருங்கள்; சேற்றில் வட்டவட்டமாகக் குழிகள் கிடக்கும். என் பேரப்பிள்ளைகள் அவற்றை ஏதோ வாகனத்தின் தடம் என்று நினைத்தார்கள். தரவை, அதாவது இந்த வெட்டவெளி நிலம், சும்மா கிடக்கிறது என்று சொல்பவர்கள் இந்தக் குழிகளை ஒருநாளாவது பார்த்திருக்கிறார்களா தெரியவில்லை.

சிறகைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற மாசியில் கலியாணப் படம் எடுக்க வந்த ஒரு கூட்டம், மணமக்களுக்குப் பின்னால் பறவைகள் எழும்ப வேண்டும் என்பதற்காக ட்ரோனை அவற்றின் தலைக்குமேல் விட்டது. பூநாரை நின்ற நிலையில் எழும்பாது. தண்ணீரில் ஓடி ஓடித்தான் மேலேறும். தின்றது முழுவதும் அந்த ஓட்டத்திலேயே போய்விடும். மூன்றாம் முறையும் எழுப்பியபோது நான் சத்தம் போட்டேன். முறையிடப் போன அலுவலகத்தில், "உங்களுடைய பறவையா ஐயா?" என்று மிகப் பணிவாகக் கேட்டார்கள். 1937 ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் வனவிலங்குக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் இருப்பதாக நான் கேள்விப்பட்டிருந்தேன்.

1995 ஒக்டோபர் கடைசியில், போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தவன் நான். கட்டுரையாளருக்கு அப்போது என்ன வயதோ! வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சை நாங்களும் அந்த வருடம் கேட்டோம்.

அதே 1995 இல்தான், மெல்லிய வளைந்த அலகு கொண்ட ஒரு கரைப்பறவையை (ஆங்கிலத்தில் Slender-billed Curlew) மொரோக்கோவில் கடைசியாக ஐயமறக் கண்டார்கள். வேட்டையும் வாழிடம் அழிந்ததும் அதை முடித்துவிட்டன. அது அற்றுப்போனதாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2025 ஒக்டோபரில் அறிவித்தது. உலகின் பறவை இனங்களில் நூற்றுக்கு 61 இன் எண்ணிக்கை குறைந்துவருகிறது என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. அதற்கு முந்திய வருடம், சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து எங்கள் சேறு வரை வரும் வளையலகு உள்ளானையும் அவர்கள் ஆபத்துப் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றினார்கள். இவற்றையெல்லாம் தங்கள் பத்திரிகையில் தேடிப் பார்த்தேன். ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடிய செய்தி கிடைத்தது, படத்துடன்.

நான் கிரிக்கெட்டுக்கு எதிரி அல்ல. 1996 இறுதியாட்டத்தை வானொலியில் கேட்டவன். 2025 செப்டெம்பர் முதலாந் திகதி ஜனாதிபதி அடிக்கல் நாட்டியபோது எங்கள் பொடியன்களின் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கும் புரிகிறது. மைதானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு இடம் பார்க்கக்கூடியது கண்டலும் சேறுமா, மைதானமா என்று மட்டும் கேட்கிறேன்.

இதற்குப் பதில் எழுதும் சிரமத்தைத் தங்களுக்குத் தர விரும்பவில்லை. கட்டுரைக்கு மேலே "பூநாரைகள்" என்று போட்டிருக்கும் படத்தில் நிற்பவை பூநாரைகள் அல்ல, மஞ்சள் மூக்கு நாரைகள். சென்ற வருடமும் இதே படத்தை இதே பெயருடன் போட்டீர்கள், அப்போதும் எழுதினேன். அடுத்த ஞாயிறாவது ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
அரியாலை.