மைனஸ் 20 காட்டிய ட்ரெய்லரில் மைனஸ் 8இல் வந்த சரக்கு: இழப்பீடு கோரும் புகார்

அனுப்புநர்:
உறைநிலை உணவுப்பொருள் மொத்த விநியோகஸ்தர்கள்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
குளிர்பதனப் போக்குவரத்துப் பிரிவு,
சென்னை.

பொருள்: வழியில் குளிர் குறைந்து கெட்ட சரக்கு, எங்கள் கிளெய்மை நிராகரித்த உங்கள் கடிதம் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். சென்னைக் குளிர்கிடங்கிலிருந்து உங்கள் 40 அடி ரீஃபர் (குளிர்பதன) ட்ரெய்லரில் எங்கள் பெயரில் வந்த 412 பெட்டிகளில் 186ஐ நாங்கள் ஏற்க மறுத்தோம். ஐஸ்கிரீம், ஃப்ரோஸன் பட்டாணி, உரித்த இறால் மூன்றும் அதில் அடக்கம். இழப்பீடு கேட்டதற்கு உங்கள் கிளெய்ம் பிரிவு எழுதிய பதில் இது: காரைக்குடியில் வண்டி நின்றபோது டிஸ்ப்ளே மைனஸ் 20 காட்டியது, ஆகவே வழியில் குளிர் குறையவில்லை, சரக்கு ஏற்றும்போதே சூடாக இருந்திருக்கும்.

கடைசியில் சொன்னதற்குப் பதில் சுருக்கமானது. ஏற்றும் இடத்தில் பெட்டிகளுக்கு இடையே ப்ரோப் (தெர்மாமீட்டரின் அளவு ஊசி) வைத்து எடுத்த அளவு மைனஸ் 21. அது சலானில் எழுதப்பட்டு, உங்கள் டிரைவர் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நகல் இணைத்துள்ளோம்.

டிஸ்ப்ளே பற்றிச் சொன்னதற்குத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் திரையில் தெரிவது சரக்கின் வெப்பநிலை அல்ல, வண்டியின் மூக்குப் பக்கம் உள்ள குளிரூட்டும் யூனிட்டுக்குத் திரும்பி வரும் காற்றின் வெப்பநிலை. 40 அடிப் பெட்டிக்குள் இருக்கும் காற்று மொத்தமே நூறு கிலோ அளவுதான். அதை 10 டிகிரி இறக்க ஆயிரம் கிலோஜூல் போதும். நல்ல யூனிட்டுக்கு அது சில நிமிட வேலை. சரக்கு அப்படியல்ல. மைனஸ் 10க்கு ஏறிவிட்ட உறைபொருளை மறுபடி மைனஸ் 18க்குக் கொண்டுவர கிலோவுக்குச் சுமார் 25 கிலோஜூல் எடுக்க வேண்டும். 10 டன்னுக்கு இரண்டரை லட்சம் கிலோஜூல். சுவர் வழியாக வரும் வெப்பத்தைச் சமாளித்தது போக யூனிட்டில் 5 கிலோவாட் மிச்சம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 14 மணி நேரம் ஆகும். அதுவும் ஒவ்வொரு பெட்டியையும் காற்று தொட்டால்தான். ஊருக்குள் நுழையும் முன் அரைமணி நேரம் யூனிட்டை ஓடவிட்டாலே திரையில் மைனஸ் 20 வந்துவிடும். சரக்கு எப்படி வந்தது என்பதற்கு அந்த எண் சாட்சியாகாது.

சரக்கை நாங்கள் அளந்த முறை இது. தெர்மாமீட்டரை முதலில் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கலவையில் வைத்து 0 காட்டுகிறதா என்று உங்கள் டிரைவர் முன்னிலையில் சரிபார்த்தோம். பிறகு இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ப்ரோப்பைச் செருகி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தோம். சந்தேகமான பெட்டிகளைப் பிரித்து, குளிரவைத்த துளைக்கருவியால் இறால் கட்டியில் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு அளந்தோம். உங்கள் ஆள் கையில் வைத்திருந்த இன்ஃப்ராரெட் கன் மேற்பரப்பை மட்டும் பார்க்கும். பளபளக்கும் ஃபாயில் உறை மேல் அது காட்டும் எண்ணை எதற்கும் நம்ப முடியாது. எங்கள் சரக்கின் முன்வரிசை மைனஸ் 17 இருந்தது. நடுவில் மைனஸ் 13. கதவைப் பார்த்த கடைசி வரிசையின் மேல்தட்டு மைனஸ் 8.

கண்ணுக்குத் தெரிந்ததும் அதையே சொல்லியது. நல்ல ஃப்ரோஸன் பட்டாணிப் பையைக் குலுக்கினால் மணி மணியாக உருளும்; இவை ஒரே கட்டியாக இருந்தன. இறால் பைகளுக்குள் வெண்பனி உதிரியாகச் சேர்ந்திருந்தது. ஐஸ்கிரீம் டப்பாக்களில் விளிம்பிலிருந்து ஒரு விரல் இறங்கி, மூடியின் அடியில் பனி பூத்திருந்தது. மைனஸ் 8இல் கிருமி பெருகிவிடும் என்று நாங்கள் வாதாடவில்லை. வெப்பம் ஏறும்போது ஐஸ்கிரீமிலுள்ள சின்னப் படிகங்கள் கரைகின்றன, மறுபடி இறங்கும்போது அந்தத் தண்ணீர் பெரிய படிகங்களில் போய் ஒட்டுகிறது, நாக்கில் நறநறவென்று படுகிறது. திரும்ப ஃப்ரீசரில் வைத்தால் அது சரியாகாது, கெட்டியாக மட்டும் ஆகும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வைகாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுத்திருக்கும் சமையல் காண்ட்ராக்டர்களுக்கு அதைக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இது ஏன் நடந்தது என்பது வண்டிக்குள் ஏறிப் பார்த்தவுடன் தெரிந்தது. குளிர்காற்று யூனிட்டிலிருந்து கூரையை ஒட்டிய துணிக்குழாய் வழியாகப் பின்கதவு வரை போய், அங்கே இறங்கி, தரையிலுள்ள பள்ளங்கள் வழியாக முன்னே திரும்ப வேண்டும். உங்கள் வண்டியில் அந்த ஏர் சூட் மூக்கிலிருந்து சுமார் எட்டடியில் குறுக்கே கிழிந்து தொங்கியது. பழைய நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். காற்று கிழிசலிலேயே கொட்டி, பக்கத்திலுள்ள ரிட்டர்ன் ஏர் வழிக்கே திரும்பியது. சென்சார் இருப்பதும் அங்கேதான். செட் பாயிண்ட் (நாம் வைத்த குளிர் அளவு) வந்துவிட்டது என்று யூனிட் நினைத்துக்கொள்ளும். உங்கள் டிரைவர், வைத்த குளிர் வந்ததும் யூனிட் தானே நின்று, ஏறினால் மறுபடி ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் முறையில் போட்டிருந்ததால் எஞ்சினும் நிற்கும், ஃபேனும் நிற்கும், பின்பக்கம் சூடேறிக்கொண்டே இருக்கும். குழாய் முழுதாக இருந்து, லோடும் ஒழுங்காக அடுக்கியிருந்தால் உறைபொருளுக்கு ஸ்டார்ட்-ஸ்டாப் பெரிய குற்றமல்ல. ஐஸ்கிரீம் இருக்கும் லோடுக்கும், பல இடத்தில் கதவு திறக்கும் வண்டிக்கும் தொடர் ஓட்டமே சரி. டீசல் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

அடுக்கியதும் தவறு. மேலே காற்று போக ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். பக்கச் சுவரில் அதற்காகத்தான் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. அதே வண்டியில் ராமநாதபுரத்துக்குப் போகும் சரக்கு கோட்டுக்கு மேலே ஏறி, கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே கைகூட நுழையவில்லை. முன்பக்கத் தடுப்பை ஒட்டியும் மூட்டைகளைத் திணித்து ரிட்டர்ன் வழியைப் பாதி அடைத்திருந்தார்கள். தரைப் பள்ளங்களில் அட்டைத் துண்டுகளும் பாலட் சில்லுகளும் கிடந்தன.

திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் சரக்கை இறக்கியபோது யூனிட்டை நிறுத்தாமலே கதவைத் திறந்ததாக டிரைவரே சொன்னார். குளிர் போகாமல் இருக்க அப்படிச் செய்தேன் என்றார். நடப்பது நேர்மாறு. ஓடும் ஃபேன் குளிர்காற்றை வெளியே தள்ளி, அக்னி நட்சத்திர வெயிலின் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் எவாப்பரேட்டரில் (காற்றைக் குளிர்விக்கும் சுருளில்) பனியாகப் படிந்து காற்று வழியை அடைக்கும். அந்தப் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் அடிக்கடி வரும், ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது நிமிடம் குளிர் நிற்கும். கதவு திறக்கும்போது யூனிட்டை நிறுத்தி, பிளாஸ்டிக் திரையைத் தொங்கவிட்டு, வேலை முடிந்து கதவைச் சாத்திய பிறகு ஓட்ட வேண்டும். அந்த வண்டியில் திரையே இல்லை.

வண்டியின் உடம்பையும் பார்க்கச் சொல்கிறோம். 40 அடிப் பெட்டியின் மேற்பரப்பு சுமார் 137 சதுர மீட்டர். நல்ல பஃப் (வெப்பம் தடுக்கும் நுரை) சுவரானால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.4 வாட் கசியும். வெளியே 38, உள்ளே மைனஸ் 20 என்றால் 3.2 கிலோவாட். பஃப் தண்ணீர் குடித்து அந்த அளவு 0.7 ஆகிவிட்டால் 5.6 கிலோவாட். வலது கதவின் கீழ் கேஸ்கெட் ரப்பர் ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்திருக்கிறது. காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தோம், தடையில்லாமல் வந்தது. தரையில் தண்ணீர் வடியும் துளை ஒன்றுக்கு ரப்பர் மூடி இல்லை. கதவு ஓரத் தகட்டில் தட்டினால் ஓரிடத்தில் சத்தம் மாறுகிறது, உள்ளே ஈரம் இறங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று. ரீஃபர் வண்டி குளிரைக் காக்கும், சூடான வண்டிப் பெட்டியை லோடோடு சேர்த்துக் குளிர்விக்கும் வேலைக்கு அது செய்யப்படவில்லை. சரக்கு ஏறும் முன்பே காலிப் பெட்டியை ஒன்றரை மணி நேரமாவது ஓட்டி, சுவரிலும் தரையிலும் உள்ள சூட்டை எடுத்துவிட வேண்டும். இந்த வண்டியில் யூனிட் ஓடத் தொடங்கியதே லோடிங் முடிந்த பிறகுதான் என்று குளிர்கிடங்கின் கேட் பதிவேடு சொல்கிறது.

ஆகவே கேட்கிறோம். யூனிட்டின் டேட்டா லாகரிலிருந்து (வெப்பநிலையைத் தானே பதியும் கருவி) சப்ளை ஏர், ரிட்டர்ன் ஏர், கதவு திறப்பு, டிஃப்ராஸ்ட், எஞ்சின் ஓடிய நேரம் ஆகியவற்றின் முழுப் பதிவை, லோடிங் தொடங்கும் முன்பிருந்து காரைக்குடியில் இறக்கியது வரை, 15 நிமிட இடைவெளியில், இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அனுப்புங்கள். எங்கள் அளவுகள் தவறு என்றால் அந்தப் பதிவு காட்டட்டும். நிராகரித்த 186 பெட்டிகளின் இன்வாய்ஸ் தொகையையும் அவற்றுக்குரிய வாடகையையும் வரவு வையுங்கள். ஏர் சூட், கேஸ்கெட், தரை மூடி மாற்றும்வரை அந்த ட்ரெய்லரை எங்கள் லோடுக்கு அனுப்ப வேண்டாம். இனி கடைசி வரிசையின் மேல்தட்டில் எங்கள் சொந்த லாகர் ஒன்றை வைத்து அனுப்புவோம். அதை டிரைவர் எடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு கொடுங்கள். மைனஸ் 18ஐவிடச் சூடாக வந்த பெட்டியை இறக்கும் இடத்திலேயே திருப்பும் உரிமை எங்களுக்கு உண்டு என்பது புது ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் தர வேண்டிய எழுத்துப்பூர்வ அறிவிப்பாகவும் இக்கடிதத்தைக் கொள்ளவும். நிராகரித்த பெட்டிகளை எங்கள் கிடங்கில் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறோம். உங்கள் சர்வேயர் இந்த வாரத்துக்குள் வந்து பார்க்கலாம். வரும்போது ப்ரோப் தெர்மாமீட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பங்குதாரர்கள்,
காரைக்குடி.